தேக்காவில் நமக்கொரு வீடு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் அரங்கில் இருக்கும் உங்களிடம் இரண்டு கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் தேக்காவுக்குப் போய் வந்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். கிட்டத்தட்ட எல்லாக் கைகளும் மேலே இருக்கின்றன. நன்றி. இப்போது இரண்டாவது கேள்வி. தேக்காவில் குடியிருப்பவர்கள் மட்டும் கை தூக்குங்கள். பின்வரிசையில் ஓர் அம்மா மட்டும் கையைத் தூக்கியிருக்கிறார். வணக்கம் அம்மா.

முதல் கேள்விக்கு எழுந்த கைகளுக்கும் இந்த ஒரு கைக்கும் இடையில் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இன்றைய கருத்தரங்கின் தலைப்பு நகருக்குள் வீடு வாங்குவது பற்றியது. இளம் தம்பதியர் பலர் இப்போது லிட்டில் இந்தியா, ஜாலான் புசார், லாவெண்டர் பக்கம் வீடு தேடுகிறார்கள். சுவரெல்லாம் ஓவியம், மூலைக்கு மூலை காப்பிக்கடை, நடந்துபோகும் தூரத்தில் மூன்று நான்கு ரயில் நிலையங்கள். இரும்புச் சாமான் விற்ற கடைகளில் இன்று காப்பிக் கொட்டை வறுக்கிறார்கள். ஒரு காலத்தில் பட்டறையும் கிடங்குமாக இருந்த இடம், கலைஞர்கள் வந்ததால் புதுப் பொலிவு பெற்றது, விலையும் இன்னும் எட்டாத உயரத்துக்குப் போய்விடவில்லை என்று வீட்டு முகவர்கள் சொல்கிறார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியை அறிய, ஏறத்தாழ 200 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

சேறும் சுண்ணாம்பும்

சிராங்கூன் சாலை சிங்கப்பூரின் மிகப் பழைய சாலைகளில் ஒன்று. 1828ஆம் ஆண்டு வரைபடத்திலேயே அது இருக்கிறது. ஆனால் அதன் இருபுறமும் நல்ல மனை என்று யாரும் தேடி வந்து வாங்கவில்லை. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம், சேறு, மூங்கில் புதர். 'தேக்கா' என்று நாம் உரிமையோடு சொல்லும் பெயரே ஹொக்கியன் மொழியில் மூங்கில் புதரின் அடி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

தமிழர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் வேறு. 'சுண்ணாம்புக் கம்பம்' என்றார்கள். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்தன. மலாய்க்காரர்களும் அதைத்தான் 'கம்போங் காப்போர்' என்றார்கள். காப்போர் என்றால் சுண்ணாம்பு. இன்றும் அந்தப் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய தலைமுறையினர் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றுதான் அழைத்தார்கள்.

சுண்ணாம்புக்குப் பக்கத்தில் செங்கல். 1858ஆம் ஆண்டு சிராங்கூன் சாலைப் பக்கம் அரசாங்கச் செங்கல் சூளைகள் தொடங்கப்பட்டன. அங்கே வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். அவர்கள் சுட்ட செங்கல் 1867ல் ஆக்ராவில் நடந்த பொருட்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும், இன்று இஸ்தானா என்று நாம் அழைக்கும் ஆளுநர் மாளிகையையும் எழுப்பியது கைதிகளின் உழைப்புதான். தேவாலயத்தின் வெள்ளைச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சுண்ணாம்போடு சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்த 'மெட்ராஸ் சுண்ணாம்பு' பூசப்பட்டது.

ஊருக்கே வீடு கட்டச் செங்கல் அறுத்தவர்களும் சுண்ணாம்பு சுட்டவர்களும் வாழ்ந்த இடம் அது. ஆனால் அவர்களில் தமக்கென்று ஒரு வீட்டுப் பத்திரம் எழுதிக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் மிகச் சிலரே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மாடு கொடுத்த தெருப்பெயர்கள்

சுண்ணாம்புக்குப் பிறகு மாட்டு வணிகம் பெருகியது. தண்ணீரும் புல்லும் இருந்ததால் கால்நடைகளை வைத்துக்கொள்ள வசதியான இடம். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு என்று எருமையும் மாடும் ஆங்கிலத்திலும் மலாயிலும் தெருப்பெயர்களாக நிற்கின்றன. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் பெலிலியோஸ் மாட்டு வணிகத்தில் பெரிய கை. இறைச்சி வணிகர் டெஸ்கர் இன்னொருவர். இருவர் பெயரிலும் சாலைகள் இருக்கின்றன. அவர்களுடைய மாடுகளை ஓட்டியவர்கள், பால் கறந்தவர்கள், கொட்டிலைக் கூட்டியவர்கள் பெயரில் சாலை எதுவும் இல்லை.

மாடு இருந்த இடத்தில் மற்றத் தொழில்களும் வந்து சேர்ந்தன. கோதுமை அரைத்தார்கள், எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டினார்கள், பிரம்பு முடைந்தார்கள், அன்னாசிப் பழத்தை டின்னில் அடைத்தார்கள். கெர்பாவ் ரோட்டில் பல வண்ணக் கதவும் ஜன்னலுமாக நிற்கும் டான் டெங் நியா வீட்டின் முன்னால் நின்று படம் எடுக்காத சுற்றுப்பயணி இல்லை. 1900ஆம் ஆண்டில் கட்டிய வீடு அது. அதன் சொந்தக்காரர் சிராங்கூன் சாலையில் மிட்டாய்த் தொழிற்சாலைகள் வைத்திருந்தவர். பக்கத்திலேயே ரப்பரைப் புகை போடும் கூடமும் அவருக்கு இருந்தது. இன்று நாம் ரசித்துப் படம் எடுக்கும் இடத்தில் அன்று காய்ச்சிய சர்க்கரையும் ரப்பர்ப் புகையும் மாட்டுச் சாணமும் கலந்து வீசியிருக்கும்.

அந்த நாற்றம்தான் அன்று ஏழைகளுக்குப் பாதுகாப்பு. வசதியுள்ளவர்கள் அங்கே குடிவர விரும்பவில்லை, அதனால் வாடகை ஏறவில்லை, உழைப்பாளி தங்க முடிந்தது. ஓர் இடம் மலிவாக இருக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் நீங்கினால் மலிவும் நீங்கிவிடும்.

1930களில் சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டு மாட்டு வணிகம் வெளியேறியது. ஃபேரர் பார்க்கில் 1843 முதல் நடந்துவந்த குதிரைப் பந்தயமும் 1933ல் புக்கிட் தீமாவுக்குப் போனது. கொட்டில்கள் இருந்த இடத்தில் கடைவீடுகள் நிறைந்தன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாட்டுக்காரர்கள் போனார்கள், காளவாய்க்காரர்கள் போனார்கள். வீரமாகாளியம்மன் கோயில் போகவில்லை. 1881ல் கோயிலுக்கு என்று நிலம் வாங்கிப் பதிவு செய்து வைத்தார்கள். அம்மனுக்குப் பத்திரம் இருந்தது. அம்மனைக் கும்பிட்டவர்களுக்கு இல்லை.

உறைந்து நின்ற வாடகை

போர் முடிந்தபோது சிங்கப்பூரில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1947ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. போருக்கு முன்பிருந்த வாடகையை உறைய வைத்து, குடியிருப்பவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாமல் தடுத்தது இந்தச் சட்டம்.

இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. தையல்காரர், மாலை கட்டுபவர், அச்சகக்காரர், மளிகைக்காரர் எல்லாரும் குறைந்த வாடகையில் தொழில் நடத்தினார்கள். ஆனால் மாதம் சில வெள்ளி மட்டும் வாடகை பெறும் உரிமையாளர், ஓட்டை மாற்றவும் சுவரைப் பூசவும் ஏன் செலவழிக்கப்போகிறார்? கட்டடங்கள் சிதைந்தன. வீட்டை மொத்தமாக எடுத்தவர், மேல்மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து உள்வாடகைக்கு விட்டார். காற்று நுழையாத அறையில் ஒரு குடும்பம், பல குடும்பத்துக்கு ஒரே கழிவறை. தேக்காவின் பழைய வாழ்க்கையை நினைத்து உருகுவோர் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மற்ற இடங்களில் இருந்த தமிழர்கள் நிலை? துறைமுகத் தொழிலாளி துறைமுகக் குடியிருப்பில், நகராட்சித் தொழிலாளி நகராட்சி லயனில், கடற்படைத் தளத் தொழிலாளி தளத்தின் குடியிருப்பில். வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். வேலை போனால் கூரையும் போகும். சொந்த வீடு என்பது ஊரில், அதாவது தமிழ்நாட்டில், கட்டவேண்டிய ஒன்றாகவே பலர் மனத்தில் இருந்தது.

அடுக்குமாடி வந்தது

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரி 1ஆம் தேதி அமைக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 32 ஆண்டுகளில் சுமார் 23,000 வீடுகளைக் கட்டியிருந்தது. வீவக முதல் ஐந்தாண்டுகளிலேயே 54,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1964ல் வீட்டு உரிமைத் திட்டம் வந்தது. ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. 1968ல் மத்திய சேம நிதியைப் பயன்படுத்தி வீடு வாங்கலாம் என்ற விதி வந்ததும் கூட்டம் குவிந்தது. கையில் ரொக்கம் இல்லாத தொழிலாளியும் சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கொண்டு வீட்டுக்காரர் ஆனார்.

நம் தாத்தா பாட்டிகள் முதன்முதலாகச் சொந்தச் சாவியைக் கையில் வாங்கியது குவீன்ஸ்டவுனில், தோ பாயோவில், அங் மோ கியோவில், ஈசூனில். தேக்காவில் அல்ல. கடற்படைத் தளத்திலிருந்து பிரிட்டிஷ் படை 1971ல் விலகிய பிறகு அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களும் புதுநகர்களுக்குப் பிரிந்து போயின. அது நமக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து தேக்கா நாம் வாழும் இடமாக இல்லாமல், நாம் போய் வரும் இடமாக ஆனது.

தேக்காவிலேயும் மாற்றம் வந்தது. 1915ல் கட்டிய பழைய கண்டாங் கெர்பாவ் சந்தையை இடித்துவிட்டு, சாலைக்கு எதிர்ப்புறம் 1982ல் இன்றைய சந்தைக் கட்டடம் திறக்கப்பட்டது. அதை ஒட்டி பஃப்ளோ ரோட்டிலும், சற்றுத் தள்ளி ரோவல் ரோடு பக்கமும் வீவக அடுக்குமாடிகள் எழுந்தன. தேக்காவில் சாதாரணக் குடும்பம் சொந்தமாக வீடு வாங்கலாம் என்பது அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது.

1989: ஒரே ஆண்டில் இரண்டு முடிவுகள்

பிறகு 1989 வந்தது. அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி வீவக வீடுகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. ஒரு பேட்டையிலோ ஒரு புளோக்கிலோ ஒரே இனத்தவர் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடாமல் வரம்பு வகுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 7ஆம் தேதி லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளை இனி இடிக்க முடியாது.

ஒரு முடிவு கட்டடங்களைக் காத்தது. இன்னொன்று எந்த வட்டாரமும் ஒரே இனத்தின் கோட்டை ஆகாமல் தடுத்தது. இரண்டுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. 1964 கலவரங்களைப் பார்த்த நாடு இது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். லிட்டில் இந்தியாவின் சுவரும் ஜன்னலும் சட்டத்தால் காக்கப்படுகின்றன. அந்தச் சுவருக்குள் யார் வாழ்வது என்பதை எந்தச் சட்டமும் காக்கவில்லை. காக்கவும் முடியாது. அது நம் கையில் இருக்கிறது.

2001ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தானது. கடைவீட்டு வாடகையைச் சந்தையே முடிவு செய்யும் என்ற நிலை வந்தது. பழைய வாடகையை நம்பி நடந்த சிறு தொழில்களின் காலடியிலிருந்து கம்பளம் உருவப்பட்டது. அந்தக் காலத்தை ஒட்டித்தான் கெர்பாவ் ரோட்டில் தேசியக் கலைகள் மன்றத்தின் ஆதரவோடு கலைக்குழுக்கள் குடியேறின. 1985லேயே தொடங்கிய கலை இட ஒதுக்கீட்டுத் திட்டத்தின் தொடர்ச்சி அது. 1952ல் கே.பி. பாஸ்கர் தொடங்கிய பாஸ்கர் கலைக்கழகம் அங்கே வந்தது. வைல்ட் ரைஸ் நாடகக் குழுவும் வந்தது. மாட்டுக் கொட்டில் தெருவில் சலங்கை ஒலியும் நாடக ஒத்திகையும் கேட்டன.

சிலர் நினைப்பதுபோல் கலைஞர்கள் மலிவான இடம் தேடித் தாமாக வந்து தேக்காவைக் கலைத் தெருவாக்கவில்லை. சலுகை வாடகை கொடுத்து அழைத்ததால் வந்தார்கள். 2003 ஜூன் 20ஆம் தேதி வடகிழக்கு ரயில் பாதை திறந்தது. 2015ல் இந்திய மரபுடைமை நிலையம் கேம்பல் லேனில் திறந்தது. அதே ஆண்டு லாசால் கலைக் கல்லூரியும் சுற்றுலாக் கழகமும் சேர்ந்து சுவரோவியத் திட்டத்தைத் தொடங்கின. அந்த ஆண்டு டிசம்பரில் டௌன்டவுன் பாதையும் தேக்காவைத் தொட்டது. 2019ல் வைல்ட் ரைஸ் நாடகக் குழு ஃபுனான் கட்டடத்துக்கு இடம் மாறியது. கலைஞர்கள் வருவார்கள், போவார்கள். அவர்கள் உயர்த்திய மதிப்பு மட்டும் இடத்தோடு தங்கிவிடும்.

நியூயார்க்கும் பினாங்கும்

இது நமக்கு மட்டும் நடந்த கதை அல்ல. நியூயார்க்கில் சோஹோ என்ற பகுதி துணித் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிறைந்தது. தொழிற்சாலைகள் காலியானதும் 1960களில் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்கு அந்தப் பெரிய கூடங்களை எடுத்தார்கள். அங்கே குடியிருப்பது சட்டப்படி குற்றம். 1971ல் கலைஞர்கள் குடியிருக்கலாம் என்று நகராட்சி அனுமதித்தது. 1973ல் அது மரபுடைமை வட்டாரமானது. அதன் பிறகு வந்தவை விலை உயர்ந்த கடைகளும் பணக்காரர்களும்தான். ஓவியர்களில் பலர் வாடகை கட்ட முடியாமல் வெளியேறினார்கள். கூடத்தைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்த சிலர் தங்கினார்கள்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பினாங்கு. ஜார்ஜ்டவுனில் ஆயிரக்கணக்கான கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல நகர மையத்தைவிட்டு வெளியேறின. எட்டு ஆண்டு கழித்து, 2008ல், யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுடைமை நகரமாக அறிவித்தது. மரபு வந்து சேர்ந்தபோது அந்த மரபை வாழ்ந்தவர்களில் பலர் அங்கே இல்லை.

இன்று வாங்க நினைப்பவருக்கு

சரி, வரலாறு கேட்டோம். இன்று ஓர் இளம் தம்பதி தேக்காவில் வீடு வாங்கலாமா? சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் இதே கேள்வியோடு பஃப்ளோ ரோட்டில் ஒரு மறுவிற்பனை வீட்டைப் பார்க்கப் போனோம். கீழே மல்லிகை மணம், மாலைக்கடைகள், சந்தை இரைச்சல். எனக்கு அன்றே பிடித்துவிட்டது. கணவர்தான் கையில் பேனாவோடு கணக்குப் போட்டார். அன்று நாங்கள் கற்றதையும் பிறகு தெரிந்துகொண்டதையும் மூன்று செய்திகளாகச் சொல்கிறேன்.

முதலாவது, குத்தகைக் காலம். வீவக வீட்டை நாம் வாங்குவது 99 ஆண்டுக் குத்தகைக்கு. தேக்காவின் அடுக்குமாடிகள் 1980களில் கட்டியவை என்பதால் 40 ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டது. 2019 மே மாதத்திலிருந்து உள்ள விதிப்படி, வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை மீதம் இருந்தால்தான் மத்திய சேம நிதியையும் வீவக கடனையும் முழு அளவுக்குப் பயன்படுத்தலாம். 30 வயதுக்காரருக்கு 65 ஆண்டு மீதம் வேண்டும். அந்த அளவுக்கு அங்கே மீதம் இல்லை. வாங்க முடியும், ஆனால் சேம நிதியில் எடுக்கும் தொகை குறையும், கையிலிருந்து போடும் ரொக்கம் கூடும். குத்தகை முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கேலாங் லோரோங் 3ல் 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தது. வீடுகள் இழப்பீடு இல்லாமல் அரசாங்கத்திடம் திரும்பின.

இரண்டாவது, இன வரம்பு. 2010 முதல் இந்தியர் மற்றும் இதர இனத்தவருக்குப் பேட்டை அளவில் 12 விழுக்காடு, புளோக் அளவில் 15 விழுக்காடு. ஒரு புளோக்கில் அந்த அளவு நிறைந்துவிட்டால், அங்கே ஒரு சீனர் விற்கும் வீட்டை ஓர் இந்தியர் வாங்க முடியாது. சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் ஓர் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவு என்பதால் விலையும் குறையக்கூடும். விற்க முடியாமல் தவிப்போரிடமிருந்து வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022ல் வந்தது. வரம்பு நிலவரம் மாதந்தோறும் மாறும். வீட்டைப் பார்த்து ஆசைப்படும் முன் வீவக இணையத்தளத்தில் அந்தப் புளோக்கின் நிலையைப் பாருங்கள்.

மூன்றாவது, புது வீடுகள். சுங்கை ரோட்டில் 'திருட்டுச் சந்தை' என்று பெயர் பெற்ற பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. அதன் அருகே 2021 நவம்பரில் ரிவர் பீக்ஸ் என்ற பெயரில் 960 வீவக வீடுகள் விற்பனைக்கு வந்தன. முக்கிய இடங்களில் கட்டும் பொது வீடுகளுக்கான புதிய திட்டத்தில் முதலாவது அது. கூடுதல் மானியம் உண்டு. பதிலுக்கு 10 ஆண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும், வீட்டை முழுதாக வாடகைக்கு விடக்கூடாது, முதல் முறை விற்கும்போது மறுவிற்பனை விலையில் 6 விழுக்காட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து புதிதாக விற்பனைக்கு வரும் தேவைக்கேற்பக் கட்டித்தரப்படும் வீடுகளெல்லாம் இடத்தைப் பொறுத்து மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன.

இந்தக் கட்டுப்பாடுகளைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று மலிவைக் காத்தது நாற்றம். பிறகு காத்தது வாடகைச் சட்டம். இன்று அதைக் காக்க வேறு எதுவும் இல்லை, இந்த விதிகளைத் தவிர. லாபத்துக்கு வாங்கி விற்பவருக்கு இவை தடை. குடியிருக்க வருபவருக்கு இவைதான் கதவு.

கடைவீடு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளில் பெரும்பாலானவை வணிக இடங்கள். வெளிநாட்டவரும் வாங்கலாம், குடியிருப்பு வீட்டுக்குள்ள கூடுதல் முத்திரை வரியும் இல்லை. ஆகவே உலகப் பணக்காரர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். சம்பளக்காரர்களான நமக்கு அது எட்டாக்கனி.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. வீவக வீடும் அசையாத கோட்டை அல்ல. 1977ல் கட்டிய ரோச்சோர் சென்டரை நினைத்துப் பாருங்கள். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு புளோக்குகள். வடக்கு-தெற்கு விரைவுச்சாலைக்காக எடுக்கப்படும் என்று 2011ல் அறிவிப்பு வந்தது. 2018ல் இடித்தார்கள். மூடப்போகிறார்கள் என்றதும் படம் எடுக்கக் கூட்டம் கூட்டமாகப் போனோம். அங்கிருந்தவர்களுக்குக் காலாங்கில் மாற்று வீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. உரிமை என்பது எப்போதும் நிலைக்கும் என்று பொருள் அல்ல. நம்மைக் கேட்காமல் ஒதுக்கிவிட முடியாது என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

தேக்காவில் வீடு பார்க்கப் போகிறவர்கள் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்பார்கள். 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ்கோர்ஸ் ரோட்டில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி இன்னும் உரத்துக் கேட்கிறது. 2015ல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. குடியிருப்பவர்களுக்கு இரைச்சலும் குப்பையும் உண்மையான தொல்லைதான். அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் அந்தக் கூட்டத்தில் நிற்பவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம் வீடுகளைக் கட்டுகிறவர்கள். தொடக்கத்தில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? சூளையில் செங்கல் அறுத்தவர்கள், காளவாயில் சுண்ணாம்பு சுட்டவர்கள். அவர்களுடைய நேர் வாரிசுகள் இவர்கள்தான். ஊருக்கு வீடு கட்டுகிறார்கள், வாரத்தில் ஒரு நாள் தேக்காவில் நிற்க இடம் கேட்கிறார்கள். அங்கே வீடு வாங்குகிறவர், அவர்களையும் அக்கம்பக்கமாக ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். சுவரில் மாட்டுக்காரரின் ஓவியத்தை ரசித்துவிட்டு, சுவருக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் தொழிலாளியை விரட்ட நினைப்பது என்ன ரசனை?

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்றார்கள் பெரியவர்கள். இங்கே வீட்டை நாம் கட்டுவதில்லை, வாங்குகிறோம். வாங்குவதற்கு முன் அந்த மண்ணின் கணக்கையும் பார்க்க வேண்டும். இரண்டு நூற்றாண்டாகத் தேக்காவில் உழைத்தவர்கள், ஆடியவர்கள், பாடியவர்கள், கடை வைத்தவர்கள் என்று எத்தனையோ பேர் வந்து போனார்கள். பத்திரம் எழுதி வைத்தவர்களே பெரும்பாலும் தங்கினார்கள்.

தேக்கா நம்முடையது என்று மேடைதோறும் சொல்கிறோம். கடைக்குப் போவதாலும் தீபாவளி விளக்கைப் பார்ப்பதாலும் மட்டும் அது நம்முடையதாக இருந்துவிடாது. கடைகள் சாத்திய பிறகு அங்கே விளக்கு எரியும் ஜன்னல்களில் சிலவாவது நம்முடையவையாக இருக்க வேண்டும். குத்தகையைப் பாருங்கள், வரம்பைப் பாருங்கள், கையிருப்பைப் பாருங்கள். எல்லாம் சரியாக வந்தால், விற்கும் விலையை நினைத்து வாங்காமல் வாழும் நாட்களை நினைத்து வாங்குங்கள்.

பின்வரிசையில் கை தூக்கிய அம்மாவுக்கு என் நன்றி. அடுத்த முறை இதே கேள்வியை நான் கேட்கும்போது, உங்கள் கைக்குப் பக்கத்தில் இன்னும் சில கைகள் உயரட்டும்.